நாலாவது அங்குலத்தில் கிடைத்த கம்பி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. கோலார் தங்கவயலான கே.ஜி.எஃப்.பில் மைசூர் மைன்ஸ் பக்கமிருந்து ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, கம்பி கட்டுகிற கொக்கி, அளவெடுக்கிற டேப். பங்காரப்பேட்டை போய், முதலில் வருகிற ரயிலில் ஏறி, எங்கே கட்டட வேலை கண்ணில் படுகிறதோ அங்கே இறங்கிக்கொள்வதாகத் திட்டம்.

அப்படிப் போவது எனக்குப் புதிது இல்லை. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு முப்பது வருடமாக ஊர் ஊராகப் போய்க் கம்பி கட்டியிருக்கிறேன். கட்டடத்துக்கு இரும்புக் கம்பியை வெட்டி, வளைத்து, வலை போலப் பின்னி வைக்கிற வேலை. ஓசூர், அனந்தப்பூர், திருப்பதி, பெங்களூரில் பாதி ஊர். சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் தூங்குவேன். வேலை முடிந்தால் கிளம்பிவிடுவேன். சில சமயம் முடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவேன்.

ஆனால் அன்று கிளம்பியதற்குக் காரணம் வேறு. மூன்று நாட்களுக்கு முன், நான் கம்பி கட்டிய ஒரு பால்கனி விழுந்து ஒருவருடைய காலை நசுக்கியிருந்தது. ஏன் விழுந்தது என்று எனக்குத் தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்பதற்குள் ஊரைத் தாண்டிவிட வேண்டும் என்றுதான் அந்த வேகம்.

நடந்ததைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த அந்த வீட்டின் வீட்டுக்காரர் தினமும் விடிவதற்கு முன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர். கீழ்வீடு ஏற்கெனவே இருந்தது. அதற்கு மேல் ஒரு மாடி எடுத்தார்கள். முன்பக்கம் நாலடி நீட்டி ஒரு பால்கனி. பின்பக்கம் அதே அளவில் இன்னொரு நீட்டல், அதன் மேல் தண்ணீர்த் தொட்டி வைப்பதற்காக. அந்தப் பின்நீட்டலுக்கு நேர் கீழே துணி துவைக்கிற கல் இருந்தது. வீட்டுக்கார அம்மா காலையில் ஒரு மணி நேரமாவது அங்கேதான் இருப்பார்.

கட்டட வேலை தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் சுவர் தாங்குகிற தளம் நடுவில்தான் தொய்யப் பார்க்கும். அதனால் அதற்குக் கம்பி அடிப்பக்கம் இருக்க வேண்டும். பால்கனி அப்படி இல்லை. ஒரு பக்கம்தான் பிடிப்பு. கையை நேராக நீட்டி ஒரு குடத்தைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். தோளின் மேல்பக்கம்தான் இழுக்கும். பால்கனிக்கும் அப்படித்தான், கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். அது அமுங்கி அடியில் போய்விட்டால் இருந்தும் இல்லாதது போலத்தான். இது எனக்கு இருபது வயதிலேயே தெரியும்.

மேல்கம்பி அமுங்காமல் நிற்பதற்கு, துண்டுக் கம்பியை முக்காலி போல வளைத்துக் கீழே வைப்போம். அதற்குச் சேர் என்று பெயர். பெரிய தளத்துக்கு ஒழுங்காகச் சேர் வைத்தேன். பால்கனிக்கு வரும்போது துண்டுக் கம்பி தீர்ந்துவிட்டது. மேஸ்திரியிடம் கேட்டிருந்தால் ஒரு முழுக் கம்பியை வெட்டக் கொடுத்திருப்பார், திட்டிவிட்டுத்தான் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. பெரிய ஜல்லிக் கல்லாகப் பொறுக்கி அடியில் வைத்துக் கம்பியை அதன் மேல் உட்கார வைத்தேன். பார்வைக்குச் சரியாக இருந்தது. கால் பட்டால் கல் உருளும்.

தளம் போடுகிற நாளில் எல்லோருக்கும் வீட்டுக்காரர் சாப்பாடு போடுவது வழக்கம். அது எந்த ஊரிலும் உண்டு. இங்கே காலையில் போதகர் வந்து ஜெபம் செய்தார். கான்கிரீட் மிக்சர் ஓட ஆரம்பித்தது. மதியம் பிரியாணி என்று காலையிலேயே செய்தி பரவிவிட்டது. பெரிய தளம் முடிய மதியம் ஒரு மணி ஆயிற்று. முன்பால்கனியும் பின்நீட்டலும் மட்டும் பாக்கி. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அண்டாவும் வந்து இறங்கியது.

மேஸ்திரி ஆட்களை இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேர் சாப்பிட, பாதிப் பேர் பாக்கியைப் போட்டு முடிக்க. அந்த நேரத்தில் கம்பி கட்டுகிறவன் மேலேதான் நிற்க வேண்டும். கான்கிரீட் சட்டி தூக்குகிற பெண்கள் கம்பியின் மேல் மிதித்துத்தான் போவார்கள், வேறு வழி கிடையாது. அவர்கள் மிதித்து அமுக்குகிற கம்பியைக் கொக்கியால் திரும்பத் தூக்கிவிடுவது அவன் வேலை. நான் முதல் பந்தியில் உட்கார்ந்தேன். முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு டீயும் பன்னும்தான் சாப்பிட்டிருந்தேன். அது காரணம்தான், சமாதானம் இல்லை. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏறி வந்து பார்த்தபோது இரண்டு நீட்டலும் முடிந்துவிட்டன. கொத்தனார் மேலே தேய்த்துக்கொண்டிருந்தார். கொக்கியின் முனையை ஈரக் கான்கிரீட்டில் இறக்கிப் பார்த்தேன். ஒரு அங்குலத்தில் முட்ட வேண்டியது, முட்டாமல் இறங்கிக்கொண்டே போயிற்று.

“இன்னா தருமபுரி, குத்திப் பாக்கறே? அது இன்னா இட்லியா?” என்றார் மேஸ்திரி. ஊர்ப்பேரைச் சொல்லித்தான் என்னை எல்லோரும் கூப்பிடுவார்கள்.

“கம்பி அடியில போயிருக்கு மேஸ்திரி.”

“போனா இன்னா? உள்ளதானே கீது? எழுந்து வூட்டுக்கா பூட்ச்சி?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதே பிடிவாதமாக நின்றிருந்தால் ஈரக் கான்கிரீட்டை வாரிவிட்டுக் கம்பியைத் தூக்கியிருக்கலாம். ஒரு மணி நேர வேலை. மழை வேறு தூற ஆரம்பித்தது. தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு இறங்கினோம்.

அடுத்து, கால் போனவரைப் பற்றி.

அவருக்கு அறுபது வயது இருக்கும். சுரங்கம் மூடுகிற வரை அடியில் டிம்பர்மேன் வேலை பார்த்தவர். பாறை சரியாமல் மரக்கட்டை முட்டுக் கொடுக்கிற வேலை. சுரங்கம் மூடிய பிறகு கட்டடங்களுக்குச் சென்ட்ரிங் அடிக்க வந்துவிட்டார். பலகை பரப்பி, நீலகிரிக் கம்பங்களை முட்டாக நிறுத்துவதில் அவரைப் போல ஆள் நான் பார்த்ததில்லை. முட்டைப் பிரிக்கும்போது அவருக்கு ஒரு வழி உண்டு. கம்பத்தின் அடி ஆப்பைக் கொஞ்சமாகத் தட்டித் தளர்த்துவார். பிறகு கம்பத்தின் மேல் காதை வைத்துக் கேட்பார். அதற்கு அடுத்ததில் கேட்பார்.

“கட்டை பேசும்பா. மேல சுமை எறங்கனா மொனகும். மொனகுற கட்டைய தொடக்கூடாது. சும்மா கீற கட்டைய எடுத்துடலாம். பதினஞ்சு வருசம் அடியில அத்த கேட்டுத்தான் உசுரோட மேல வந்துகினு இருந்தோம்” என்பார்.

பதினான்காம் நாள் மேஸ்திரி முன்பக்க முட்டைப் பிரிக்கச் சொன்னார். வேறு இடத்தில் கம்பங்கள் வேண்டியிருந்தன. பதினான்கு நாள் என்பது குறைச்சல் ஒன்றும் இல்லை. அதற்குள் பால்கனியின் ஓரத்தில் கைப்பிடிச் சுவரும் கட்டிவிட்டார்கள். நான் உள்ளே படிக்கட்டுக்குக் கம்பி வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் நுனியிலிருந்து ஒவ்வொரு கம்பமாகத் தளர்த்தி, காது வைத்து, எடுத்து அடுக்குவது தெரிந்தது. சொல்லலாம் என்று எழுந்தேன். அதற்குள் கடைசிக் கம்பத்தையும் எடுத்துவிட்டார். பால்கனி நின்றது.

“பாத்தியா தருமபுரி, ஒண்ணுகூட பேசல. ராணி மாதிரி நிக்குது” என்றார்.

நின்றுவிட்டதே, இனிமேல் ஏன் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கேட்டது சரிதான். கம்பத்தின் மேல் சுமை இல்லை. ஆனால் பாறை மெல்ல மெல்ல இறங்கும். அதனால் கட்டை முனகும். மேலே கம்பி இல்லாத கான்கிரீட் இறங்கவே இறங்காது. கல் போல நிற்கும், பிறகு ஒரே நொடியில் முறியும். போதாததற்கு, பெரிய தளத்தின் இந்த ஓரத்தைக் காலையிலேயே போட்டுவிட்டு, மதியத்துக்குப் பிறகுதான் நீட்டலை ஆரம்பித்திருந்தார்கள். அதற்குள் பழைய கான்கிரீட் இறுகத் தொடங்கியிருக்கும். இரண்டும் சரியாக ஒட்டியிருக்காது.

பத்து நிமிடம் இருக்கும். ‘டப்’ என்று ஒரே ஒரு சத்தம். வெளியே ஓடினேன். பால்கனி சுவரை ஒட்டி முறிந்து, கீல் கழன்ற கதவைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரச் சுவர் முழுக்கக் கீழே கிடந்தது. செங்கல்லுக்கு அடியில் அவர் இடுப்பு வரை தெரிந்தார். தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு பேர் சேர்ந்து செங்கல்லை வாரினோம். இடது கால் முழங்காலுக்குக் கீழே கால் போல இல்லை. ஒரு ஆட்டோவில் கிடத்தி அனுப்பினோம்.

தொங்குகிற தளத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது அடியில் இருந்த கம்பிகள்தான். தொழில் தெரிந்தவன் யார் வந்து பார்த்தாலும், மேலே இருக்க வேண்டியது அடியில் இருக்கிறது என்று சொல்லிவிடுவான். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

“அறுத்துடு. யார் மேலயாவது வுழப் போவுது” என்றார்.

இரும்பு அறுக்கிற பிளேடு போட்டு ஒவ்வொரு கம்பியாக நான்தான் அறுத்தேன். சாயங்காலத்துக்குள் உடைத்து வண்டியில் ஏற்றி எங்கேயோ கொட்டிவிட்டார்கள். மறுநாள் ஒரு போலீஸ்காரர் வந்தார். “முட்டுக் கட்டைய அவசரப்பட்டுப் பிரிச்சுட்டாரு சார், மைன்ஸ்காரரு, கான்கிரீட் பத்தி தெரியாது” என்று மேஸ்திரி சொன்னார். போலீஸ்காரர் அதையே எழுதிக்கொண்டு போனார். தெருவில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பின்பக்கத்துக்கு இருபத்தொரு நாள் விட்டுவிடலாம், அடுத்த செவ்வாய்க்கிழமை பிரிக்கலாம் என்று முடிவாயிற்று. மூன்றாம் நாள் பையை எடுத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் நுழைந்ததும் யாரோ கையைப் பிடித்தார்கள். டிம்பர்மேன் அண்ணனின் மனைவி. ஒரு கையில் வயர் கூடை, பிளாஸ்க். அண்ணனுக்கு மதியச் சோறு எடுத்துக்கொண்டு கோலார் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருந்தார்.

“நீயும் அங்கதான் வரியா தம்பி? வேலைய வுட்டுட்டு வரியே. அந்த மேஸ்திரி ஒரு எட்டு வந்து பாக்கல. வா, தோ கோலார் பஸ்ஸு நிக்குது” என்றார். என் பையைப் பார்த்து, அண்ணனுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் தங்கத்தான் போகிறேன் என்று நினைத்துவிட்டார். பிளாஸ்கை வாங்கிக்கொண்டு ஏறினேன். எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் வாங்கினார்.

பஸ்ஸில் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். முந்தின நாள் அவருடைய இடது காலை எடுத்துவிட்டார்களாம், முழங்காலுக்குக் கீழே. “கால கூட கேக்கல தம்பி. காதுதான் அவுருக்கு. டாக்டர் வந்து கட்டு பிரிச்சா, என் காத பாருங்க, கட்டை பேசனது எனக்கு கேக்கலன்றாரு. நர்சுங்க சிரிக்கறாங்க. எனக்கு சிரிப்பும் வரல, அழுகையும் வரல” என்றார்.

வார்டில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போர்வை ஒரு பக்கம் பாதியில் தட்டையாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்கினார்.

“வா தருமபுரி. நீ உள்ளதானே இருந்தே. உனக்கு கேட்டுதா?”

“என்னண்ணா?”

“கட்டை. பேசியிருக்கும். பேசாம எப்பிடி வுழும்? நான் ஒண்ணொண்ணா கேட்டேன். வயசாயிட்டா காது பூடும்னு தெரியாம வேலை செஞ்சிகினு கீறேன் பாரு. வேற எவனாவது அடியில நின்னிருந்தா? செத்திருப்பான், என்னால.”

எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. சொல்லிவிட்டேன். கல் வைத்தது, சாப்பிடப் போனது, கொக்கியை இறக்கிப் பார்த்தது, சிரித்தது, அறுத்தது. ஒன்றையும் விடவில்லை. “உங்க காதுல ஒரு கொறையும் இல்லண்ணா. கட்டை பேசவே இல்ல. பேசறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல” என்றேன்.

அவர் மனைவி சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தவர் அப்படியே மூடினார். “மூணு நாளா எங்க இருந்தே?” என்றார். அவ்வளவுதான்.

அண்ணன் கண்ணை மூடியிருந்தார். அழுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“ரெண்டும் ஒரே நாள்தானே போட்டாங்க?”

“ஆமா.”

“பின்னாடியும் கல்லுதான் வெச்சியா?”

“ஆமாண்ணா.”

“அதுவும் நீ துன்னுகினு இருக்கும்போது போட்டதுதான்?”

நான் தலையை ஆட்டினேன்.

“அந்தப் பொண்ணு தெனமும் அதுக்கு அடியில துணி தொவைக்குது. செவ்வாக்கெழம வேற எவனையாவது வுட்டுப் பிரிப்பாங்க. அவனும் ஒண்ணும் கேக்கலன்னுதான் எடுப்பான். மேல தொட்டி வேற வெப்பாங்க.” தலையணையிலிருந்து எழப் பார்த்தார். முடியவில்லை. “என்கிட்ட இன்னாத்துக்குச் சொல்லிகினு கீறே? நான் எழுந்து ஓடறதா? ரெண்டு காலு உனக்குத்தானே கீது. போடா!”

அதுவரை அவர் என்னை டா போட்டுப் பேசியதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பின்பக்கத்தைப் பற்றி எனக்கு முன்பே தெரியாதா என்றால், தெரியும். மூன்று நாளாக அந்தப் பக்கம் மட்டும் யோசிக்காமல் பார்த்துக்கொண்டேன். கோலார் பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்த ஊருக்கும் பஸ் உண்டு. கே.ஜி.எஃப். பஸ்ஸில் ஏறினேன்.

திரும்பிச் சேர்ந்தபோது நாலு மணி. வீட்டுக்காரர் விபத்துக்காக லீவ் போட்டு வீட்டில்தான் இருந்தார். மேஸ்திரியும் இருந்தார். பின்பக்கத்தில் வீட்டுக்கார அம்மா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். நான் முதலில் சொன்னது, “அம்மா, அங்கேருந்து வெளியே வாங்க” என்பதுதான்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே மேஸ்திரி குறுக்கே வந்தார். “தண்ணி போட்டுகினு வந்து ஒளர்றான் சார். கணக்கு முடிச்சு அனுப்பிட்டேன்னு காண்டு.” அவர் என்னை அனுப்பவும் இல்லை, நான் அன்று குடிக்கவும் இல்லை. வீட்டுக்காரர் என் பக்கம் வந்து முகர்ந்து பார்த்தார்.

“இது தப்பா கட்டினதுன்னா, அப்பவே ஏன் சொல்லல?”

“பயம் சார்.”

“இப்போ?”

“இப்பவும் பயம்தான்.”

அவருக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை. அவர் கடன் வாங்கிக் கட்டுகிற வீடு. நான் சொல்வது உண்மையானால் இன்னொரு பக்கத்தையும் உடைக்க வேண்டும். மேஸ்திரி சொல்வது உண்மையானால் செவ்வாய்க்கிழமை வரை காத்திருந்தால் போதும். வீட்டுக்கார அம்மாதான் துணிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

“இதுல யோசிக்க என்னங்க இருக்கு? மேல போய் ஒரு இடத்துல உடைச்சுப் பாருங்க. கம்பி மேலயே இருந்தா இவரு பொய். இல்லன்னா இவரு” என்று மேஸ்திரியைக் காட்டினார். “அடியில நிக்கப் போறவ நான்தானே.”

மாடிக்கு ஏறினோம். வீட்டுக்காரர், மேஸ்திரி, நான். சுவரும் நீட்டலும் சேருகிற இடத்துக்கு ஓரமாக உட்கார்ந்து உளியை வைத்தேன். கம்பி இருக்க வேண்டியது அங்கேதான். ஒரு அங்குலத்தில் அது தெரிய வேண்டும்.

ஒரு அங்குலம் போயிற்று. ஜல்லியும் சிமெண்டும்தான் வந்தன. “பக்கத்துல அடி, கம்பிக்கு நடுவுல அடிக்கிறே” என்றார் மேஸ்திரி. குழியை அகலமாக்கினேன், ஒரு சோற்றுத் தட்டு அளவுக்கு. கம்பி அதற்குள் எங்கே இருந்தாலும் தப்ப முடியாது. இரண்டு அங்குலம். “ஒண்ணு ரெண்டு கம்பி அமுங்கியிருக்கும் சார், அது சகஜம்” என்றார். மூன்றாவது அங்குலத்தில் அவர் பேச்சு நின்றுவிட்டது. உளி படும் சத்தம் மட்டும் கேட்டது. என் மனதில் ஒரு ஓரத்தில், கம்பி வந்துவிடக் கூடாதா, நான் பொய்யனாகிவிடக் கூடாதா என்றுகூட இருந்தது.

நாலாவது அங்குலத்தில் உளி ‘ணங்’ என்றது. ஊதித் தள்ளினேன். கம்பி தெரிந்தது. அதற்குக் கீழே பலகைக்கு ஒரு விரல்கூட இல்லை.

வீட்டுக்காரர் குனிந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் குழிக்குள் செங்குத்தாக விட்டார். அது கிளிப் வரைக்கும் உள்ளே போயிற்று. வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு எழுந்து என் கன்னத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அடித்த கையை அவரே மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். அவர் யாரையும் அடித்துப் பழக்கம் இல்லாதவர் என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தபோது மேஸ்திரி படி இறங்கிக்கொண்டிருந்தார். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

“ஸ்டேஷன்ல வந்து இதைச் சொல்லுவியா?” என்றார் வீட்டுக்காரர்.

“சொல்றேன் சார்.”

“உன்னை உள்ள வெச்சா?”

“வெக்கட்டும் சார்.”

அன்று சாயங்காலமே அவரோடு போய்ச் சொன்னேன். முன்பு எழுதிக்கொண்டு போன அதே போலீஸ்காரர்தான், இரண்டாவது தடவை எழுதினார். முட்டைப் பிரித்தவர் மேல் தவறு இல்லை என்ற வரியை வாசித்துக் காட்டச் சொன்னேன். கன்னடத்தில் எழுதியிருந்ததால் வீட்டுக்காரர் படித்து அர்த்தம் சொன்னார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு பல தடவை கூப்பிட்டார்கள், போனேன். அது நீளமான கதை, இங்கே வேண்டாம். மேஸ்திரியை ஊரில் யாரும் பார்க்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “பின்னாடி இருக்கறதை உடைக்கணும். வேற ஆளைக் கூப்பிட்டா எங்க அடிக்கணும்னு தெரியாது. எங்க என்ன இருக்குன்னு உனக்குத்தான் தெரியும். காலையில ஏழு மணிக்கு வந்துடு.”

சரி என்றேன்.

மறுநாள் காலை ஆறரைக்கே போய்விட்டேன். வீட்டுக்கார அம்மா துவைக்கிற கல்லைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் போகாமல் மறித்திருந்தார். முதலில் அடியில் போய் அண்ணன் நிறுத்தி வைத்த கம்பங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. ஆப்பு இறுக்கமாக இருந்தது. கூடுதலாக நாலு கம்பம் கொடுத்தேன். பிறகு மாடிக்கு ஏறி, நீட்டலின் மேல் கால் வைக்காமல், தளத்தில் போட்ட பலகையில் நின்று, வெளி நுனியிலிருந்து உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து வந்தேன். பெரிய துண்டாக விழவிடக் கூடாது. கை அளவு துண்டாக உடைத்துச் சட்டியில் வாரி இறக்க வேண்டும். மதியம் வீட்டுக்கார அம்மா ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் சுவர் வரை வந்து சேர்ந்தேன். ஒரு துண்டும் தவறி விழவில்லை, யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ ஊரில் எத்தனையோ தளத்துக்குக் கம்பி கட்டியிருக்கிறேன். அந்த ஊரில் நான் நேர்மையாகச் செய்த வேலை எது என்று யாராவது கேட்டால், நான் கட்டியதை நானே உடைத்த அந்த ஒரு நாள் வேலையை மட்டும்தான் சொல்வேன். அதுவும் ஒருவருடைய கால் போன பிறகு செய்தது என்பதைச் சேர்த்துத்தான் சொல்வேன்.